மலை வண்டியில் ‘டைனமோ’ இரைந்தால்: சத்தத்தைப் பிரித்தறிவது முதல் மாற்றிப் பொருத்துவது வரை

எஞ்சினோடு சுற்றிப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைப் பட்டறைகளில் இன்னும் டைனமோ என்றுதான் சொல்கிறார்கள். கீழே மேட்டுப்பாளையத்தில் ஓடும் வண்டியில் அது இரைந்தால் பேட்டரி சார்ஜ் ஏறுமா என்பதோடு கவலை முடிந்துவிடும். குன்னூர், கோத்தகிரி, ஊட்டியில் ஓடும் பழைய டீசல் வண்டி என்றால் பிரேக்கையும் சேர்த்துக் கவலைப்பட வேண்டும். பொலேரோ டிஐ போன்ற வண்டிகளில் பெடல் மிதிப்பதை இலேசாக்கும் பிரேக் பூஸ்டருக்காகக் காற்றை உறிஞ்சும் வாக்குவம் பம்பு டைனமோவின் பின்பக்கத்திலேயே போல்ட் போட்டுப் பூட்டப்பட்டிருக்கும். அதே ஃபேன் பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. பேரிங் இறுகி டைனமோ நின்றுபோனால் பெல்ட் தேய்ந்து அறும். சார்ஜும் போய், எஞ்சினும் சூடேறி, பிரேக் பெடலும் கல்லாகிவிடும். மேட்டுப்பாளையம்–குன்னூர் மலைப்பாதையின் பர்லியார் வளைவில் இது நடந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

மலை வண்டியின் டைனமோ சீக்கிரம் தேய்வதற்கும் காரணம் உண்டு. ஏற்றத்தில் முதல், இரண்டாம் கியரிலேயே ஓடுவதால் எஞ்சின் வேகமாகச் சுற்றும், ஆனால் வண்டி மெதுவாக நகரும். முன்னாலிருந்து வரும் காற்று போதாது. பனிமூட்டத்தில் ஹெட்லைட், ஃபாக் லைட், வைப்பர், புளோயர் எல்லாம் ஒன்றாக ஓடும். 55 வாட் பல்பு நான்கு எரிந்தாலே 18 ஆம்பியர் போய்விடும். வைப்பரும் புளோயரும் சேர்ந்தால் 28, 30. பழைய ஜீப்புகளின் டைனமோ பெரும்பாலும் 35 முதல் 45 ஆம்பியர்தான், அதுவும் நல்ல வேகத்தில் சுற்றும்போது. இதோடு கூடலூர் பக்கத்து மழை, தோட்டத்துச் செம்மண் சேறு, கேரட் கழுவும் இடத்துத் தண்ணீர், சர்வீஸ் கடையில் நேராக அடிக்கும் பிரஷர் பைப். பேரிங்கின் ரப்பர் மூடி எத்தனை நாள் தாங்கும்?

சத்தம் எங்கிருந்து வருகிறது?

டைனமோவில் கை வைக்கும் முன் சத்தத்தின் குணத்தைக் கவனியுங்கள். இதைத் தவறவிட்டு நல்ல டைனமோவைப் பிரித்துப் போடுவது சாதாரணமாக நடக்கிறது.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘கீச்’ என்று கத்தி, பத்து இருபது வினாடியில் அடங்கினால் பெல்ட்டில் பனி ஈரம். ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் இது தினப்படி நடப்பது, பழுது அல்ல. அடங்காமல் லைட் போடும்போதெல்லாம் கத்தினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. இதற்குச் சோப்புக் கட்டியையோ மெழுகையோ பெல்ட்டில் தேய்ப்பவர்கள் உண்டு. ஒரு நாள் அடங்கும், பிறகு முன்னைவிட அதிகமாக வழுக்கும்.

எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் ‘கர்ர்’ என்ற அரைப்பு பேரிங்கினுடையது. வேகத்தோடு ஏறினாலும் மெல்லிசாக ‘ங்ஙீ’ என்று ஊளையிட்டு, லைட் போட்டதும் கூடினால் டயோடிலோ (ஏசியை டிசி ஆக்குவது) காயிலிலோ (செம்புக் கம்பிச் சுற்று) சந்தேகம் வைக்கலாம். ரேடியோவிலும் அதே ஊளை கேட்டால் சந்தேகம் வலுக்கும். ஐடிலிங்கில் ‘டக் டக்’ என்று தட்டினால் புல்லி நட்டு தளர்ந்து, புல்லியைத் தண்டோடு பூட்டும் கீ தேய்ந்திருக்கலாம், பிராக்கெட் போல்ட் ஓட்டை பெரிதாகியிருக்கலாம், அல்லது வாக்குவம் பம்பின் இதழ்கள் தட்டலாம்.

நீளமான ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதோரம் எலும்பில் வைத்து, முனையை டைனமோவின் முன்பகுதி, பின்பகுதி, வாக்குவம் பம்பு, வாட்டர் பம்பு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். அரைப்பு எங்கே அதிகமோ அங்கேதான் பழுது. சேலை, துப்பட்டா, தளர்ந்த ஸ்வெட்டர் கை, மஃப்ளர் எதுவும் ஃபேன் பக்கம் போகக்கூடாது. குளிர் ஊரில் இந்த மஃப்ளர்தான் ஆபத்து.

இன்னும் சந்தேகம் தீராவிட்டால் இரண்டு சோதனைகள். எஞ்சினை நிறுத்தி, டைனமோவுக்குப் போகும் மெல்லிய ஒயரை மட்டும் (வார்னிங் பல்பிலிருந்து வருவது) கழற்றி, முனையில் டேப் சுற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஐடிலிங்கில் ஊளை போய்விட்டால் பழுது மின்சாரப் பக்கம். அரைப்பு அப்படியே இருந்தால் பேரிங் பக்கம். இரண்டாவது, பெல்ட்டையே கழற்றிவிட்டு அரை நிமிடம் ஓட்டிப் பார்ப்பது. சத்தம் முழுவதும் நின்றால் பெல்ட் சுற்றும் பாகங்களில் ஒன்றுதான் காரணம். எஞ்சினை நிறுத்தி டைனமோ புல்லியையும் வாட்டர் பம்பு புல்லியையும் கையால் சுற்றிப் பாருங்கள். மணல் அரைப்பது போல் விரலுக்குத் தெரிவதுதான் கெட்ட பேரிங். பெல்ட் இல்லாமல் ஒரு நிமிடத்துக்கு மேல் எஞ்சினை ஓட்ட வேண்டாம், வண்டியை நகர்த்தவே கூடாது.

மீட்டர் என்ன சொல்கிறது?

இரவு முழுவதும் நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டு, லைட், புளோயர் எல்லாம் போட்டு அளந்தால் 13.8 முதல் 14.4 வரை. 13.2-க்குக் கீழே நின்றால் சார்ஜ் போதவில்லை. 14.8-ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் (பழைய ஆட்கள் ‘கட்அவுட்’ என்பது) போய்விட்டது. பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும்.

டயோடைச் சோதிக்க மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, லைட் எரிய, பேட்டரியில் அளக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடு பழுது. ஆனால் மலிவான மஞ்சள் மீட்டர்கள் சில, ஏசி அளவில் டிசியையும் சேர்த்துக் காட்டும். எஞ்சினை நிறுத்தி முதலில் அளந்து பாருங்கள். பூஜ்யம் காட்டாமல் 26, 27 என்று காட்டினால் அந்த மீட்டர் இந்த வேலைக்கு உதவாது. மீட்டரே இல்லாவிட்டால் குளிர் ஊருக்கென்றே ஒரு வழி இருக்கிறது. உறைபனி விழுந்த காலையில், ஸ்டார்ட் செய்யும் முன் டைனமோவைத் தொட்டுப் பாருங்கள். எஞ்சின் ஜில்லென்று இருக்க டைனமோ மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால், ஷார்ட் ஆன டயோடு வழியே இரவெல்லாம் பேட்டரி ஒழுகியிருக்கிறது.

சார்ஜ் ஆகிறதா என்று பார்க்க ஓடும் எஞ்சினில் பேட்டரி ஒயரைப் பிடுங்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த நொடியில் வோல்ட் எகிறி நல்ல டயோடையும் ரெகுலேட்டரையும் கொன்றுவிடும். செய்யவே வேண்டாம்.

கழற்றும் வரிசை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். சமதளம் கிடைப்பதுதான் இங்கே கஷ்டம். சரிவில் நிறுத்தத்தான் வேண்டும் என்றால் முன்பின் இரண்டு பக்கமும் கல். பேட்டரியின் நெகட்டிவ்வை முதலில் கழற்றுங்கள். டைனமோவின் தடித்த ஒயரில் எப்போதும் கரண்ட் இருக்கும். ஸ்பானர் பாடியில் பட்டால் வெல்டிங்தான்.

ஒயர்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு கழற்றுங்கள். வாக்குவம் பம்பு உள்ள வண்டியில் மூன்று இணைப்புகள் கூடுதல்: பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸ், எஞ்சினிலிருந்து வரும் மெல்லிய ஆயில் பைப், ஆயில் திரும்பிப் போகும் ரப்பர் ஹோஸ். ஆயில் பைப்பின் போல்ட்டில் மேலும் கீழும் செம்பு வாஷர் இருக்கும். அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். ஆயில் ஓட்டைகளில் சுத்தமான துணியைச் செருகி வையுங்கள். உள்ளே விழும் ஒரு மண் துகள் பம்பைக் கீறிவிடும்.

பிறகு அட்ஜஸ்டிங் போல்ட்டைத் தளர்த்தி டைனமோவை உள்ளே தள்ளி பெல்ட்டை எடுத்து, கீழ்ப் போல்ட்டை உருவி வெளியே எடுக்கலாம். கீழ்ப் போல்ட்டில் ஒல்லியான ஸ்பேசர் வாஷர்கள் இருந்தால் எந்தப் பக்கம் எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். அவை தொலைந்து புல்லி கோடு மாறிப்போன வண்டிகள் ஏராளம். பெல்ட் ஓரம் நூல் நூலாகப் பிரிவதும், புது பேரிங் ஆறு மாதத்தில் இரைவதும் அதனால்தான்.

பிரித்து பேரிங் மாற்றுதல்

இரைச்சலுக்கு மட்டும் முழு டைனமோவை மாற்றுவது வீண் செலவு. இரண்டு பேரிங்குகளும் ஒரு பிரஷ் செட்டும் (சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டுகள்) போட்டால் பெரும்பாலான டைனமோக்கள் மறுபடி பல வருடம் ஓடும். ஒரு பேரிங் மட்டும் இரைந்தாலும் இரண்டையும் மாற்றுங்கள். பிரிக்கும் உழைப்பு ஒன்றுதான்.

முன் மூடி, நடு காயில், பின் மூடி மூன்றின் மேலும் குறுக்கே ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். சேர்க்கும்போது அந்தக் கோடு ஒன்றாக வந்தால்தான் போல்ட் போகும் காதுகள் பிராக்கெட்டில் உட்காரும். ரெகுலேட்டரும் பிரஷ் பெட்டியும் வெளியிலிருந்து கழலும் மாதிரி என்றால் அதை முதலில் எடுத்துவிடுங்கள். அப்படியே உள்ளே சுற்றும் ரோட்டரை உருவினால் பிரஷ் உடைந்துவிடும்.

புல்லி நட்டு கழல, பழைய பெல்ட் ஒன்றைப் புல்லியின் பள்ளத்தில் சுற்றி வைஸில் இறுக்கிப் பிடித்து ரிங் ஸ்பானரால் தட்டுங்கள். ஃபேன் இறக்கைக்குள் ஸ்க்ரூ டிரைவரைச் செருகிப் பிடித்தால் இறக்கை வளையும், பிறகு அதுவே ஒரு புதுச் சத்தம். டயர் கடையில் காற்றுத் துப்பாக்கி இருந்தால் இரண்டே வினாடி. மூடிகளைச் சேர்த்துப் பிடிக்கும் நீளமான ஸ்டட் போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கும்; முந்தின நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். அவசரப்பட்டு முறித்தால் லேத் பட்டறைக்குப் போக வேண்டும்.

முன் பேரிங், மூடிக்குள் ஒரு தகட்டின் பின்னால் இருக்கும். பின் பேரிங் ரோட்டர் தண்டில் இருக்கும். இரண்டு கால் புல்லரால் இழுங்கள். பழைய பேரிங்கின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படித்து அதே எண்ணை வாங்குங்கள். வண்டிப் பெயரைச் சொல்லி வாங்க வேண்டாம், ஒரே மாடலில் இரண்டு வகை டைனமோ வந்திருக்கும். எண் அழிந்திருந்தால் அளந்துகொள்ளலாம்: உள் துளை, வெளி விட்டம், தடிமன் என்ற வரிசையில் 6201 என்பது 12, 32, 10 மி.மீ.; 6202 என்பது 15, 35, 11; 6203 என்பது 17, 40, 12; 6303 என்பது 17, 47, 14. இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ளதைக் கேளுங்கள். தகர மூடி உள்ளது மூடுபனி ஊருக்கு ஆகாது. எண்ணுக்குப் பின்னால் ‘சி3’ என்றிருந்தால், உள்ளே சற்று இடைவெளி கூடுதல், சூடேறினாலும் இறுகாது என்று பொருள். பழையதில் அது இருந்தால் புதியதிலும் அது இருக்க வேண்டும்.

புதிய பேரிங்கை ஏற்றும்போது ஒரு விதியை மீறக்கூடாது. தண்டின் மேல் ஏற்றும்போது உள் வளையத்தில் மட்டும் அழுத்தம். மூடிக்குள் இறக்கும்போது வெளி வளையத்தில் மட்டும் அழுத்தம். சரியான அளவுள்ள குழாய்த் துண்டையோ பெரிய சாக்கெட்டையோ வைத்து வைஸிலோ பிரஸ்ஸிலோ தள்ளுங்கள். வெளி வளையத்தில் சுத்தியலால் அடித்துத் தண்டில் ஏற்றினால் குண்டுகள் பாதையில் பள்ளம் பதித்துவிடும். அன்றைக்குச் சத்தம் கேட்காது. ஒரு மாதத்தில் கேட்கும், பழி பேரிங் கம்பெனி மேல் விழும். அலுமினிய மூடியை வெந்நீரிலோ ஹீட்டர் முன்னாலோ சூடாக்கி, ஈரம் துடைத்தால் பேரிங் பாதி தானாகவே இறங்கும்.

பின் மூடியில் பேரிங் உட்காரும் துளையைக் கவனமாகப் பாருங்கள். பழைய பேரிங் இறுகி, வெளி வளையமே துளைக்குள் சுற்றியிருந்தால் துளை பளபளவென்று தேய்ந்திருக்கும். அதில் புதிய பேரிங் ‘லொட லொட’ என்று உட்காரும். சென்டர் பஞ்சால் நாலு புள்ளி குத்தி இறுக்குவது ஊர் வழக்கம். சில நாள்தான் தாங்கும். லேத்தில் புஷ் (உலோக வளையம்) அடிப்பதே சரி, அல்லது மூடியை மாற்றிவிடலாம். பழைய பேரிங்கின் மூடியைப் பெயர்த்து கிரீஸ் அடைப்பதும் இதே ரகம்தான். குண்டுப் பாதை புள்ளி விழுந்த பிறகு கிரீஸ் சத்தத்தை மட்டும் மறைக்கும்.

பிரித்தபோதே பார்க்க வேண்டியவை

பிரஷ் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளம் 5 மி.மீ.க்குக் குறைந்தால் மாற்றுங்கள். பிரஷ் உரசும் ஸ்லிப் ரிங்கைப் பூஜ்ய நம்பர் உப்புத்தாளால் சுற்றிவரத் துடையுங்கள். கறுப்பு எமரித் துகள் செம்பில் பதிந்து பிரஷ்ஷைத் தின்னும் என்பதால் எமரி வேண்டாம். விரல் நகம் தட்டும் அளவு பள்ளம் இருந்தால் லேத்தில் கடைய வேண்டும். இரண்டு ரிங்குக்கும் நடுவே மீட்டர் 2.5 முதல் 4 ஓம் காட்டினால் ரோட்டர் காயில் நலம். ரிங்குக்கும் தண்டுக்கும் இடையே எதுவுமே காட்டக்கூடாது. நடு காயிலுக்கும் அதன் இரும்புக்கும் இடையேயும் அப்படியே. காயில் ஒரு பக்கம் கருகி வாடை அடித்தால் ரிவைண்டிங் (கம்பியை மறுபடி சுற்றுவது).

மீட்டரை டயோடு அளவில் வைத்தால் டயோடு ஒவ்வொன்றும் ஒரு திசையில் 0.4 முதல் 0.6 வோல்ட் வரை காட்டி, மறு திசையில் காட்டாமல் இருக்க வேண்டும். ஒன்று போயிருந்தாலும் பிளேட்டையே மாற்றுவது நல்லது. ஈயம் வைக்கும்போது டயோடின் காலை மூக்குப் பிளையரால் பிடித்துக்கொள்ளுங்கள், சூடு பிளையரில் இறங்கிவிடும்.

வாக்குவம் பம்பு

மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பின்னால் உள்ள போல்ட்டுகளைக் கழற்றினால் பம்பு தனியாக வரும். உள்ளே தண்டின் பல்லில் உட்காரும் ரோட்டரும், அதன் பள்ளங்களில் வழுக்கி ஓடும் இதழ்களும் இருக்கும். இதழின் முனை உடைந்திருந்தால், உள்சுவரில் நகம் தட்டும் கோடுகள் இருந்தால், பம்பை மாற்றுங்கள். சுவர் நன்றாக இருந்தால் இதழ் செட்டும் ஓ ரிங்கும் போதும். இதழின் வளைந்த முனை வெளிச்சுவர்ப் பக்கம் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் ‘டக் டக்’ நிற்காது.

டைனமோவுக்குள் ஆயில் கசிந்து பிரஷ் கறுத்துக் குழைந்திருந்தால், பம்புக்கும் பின் பேரிங்குக்கும் நடுவேயுள்ள ஆயில் சீல் போய்விட்டது. சீலை மாற்றாமல் பிரஷ் மட்டும் போட்டால் அடுத்த மாதமே சார்ஜ் நின்றுவிடும். திரும்பும் ஆயில் ஹோஸ் மடங்கி அடைத்திருந்தாலும் இதே கதிதான். சீல் எத்தனை புதிதானாலும் ஆயில் போக வழியில்லாவிட்டால் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு வரும்.

வாக்குவம் கேஜ் வைத்துச் சோதிப்பவர்கள் ஊரின் உயரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760 மி.மீ. பாதரசம். குன்னூரில், சுமார் 1850 மீட்டரில், அது ஏறத்தாழ 605. ஊட்டியில், 2240 மீட்டரில், 580. இருக்கிற காற்றுக்கு மேல் எந்தப் பம்பும் உறிஞ்ச முடியாது. கீழே 650 காட்டும் நல்ல பம்பு ஊட்டியில் 500-ஐ ஒட்டித்தான் நிற்கும். புத்தகத்தில் 650 என்று போட்டிருக்கிறதே என்று நல்ல பம்பைத் தூக்கி எறியாதீர்கள். பூஸ்டரின் உதவியும் மேலே அதே அளவுக்குக் குறைவு என்பதால், அரைகுறைப் பம்பை வைத்துக்கொண்டு சமாளிக்கவும் கூடாது.

முழுதாக மாற்றுவதென்றால்

காயில் கருகி, மூடியும் விரிந்து, பம்பும் தேய்ந்திருந்தால் ரிப்பேர் செலவு புதியதை நெருங்கிவிடும், அப்போது மாற்றிவிடலாம். கடைக்குப் பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். மேசையில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டியவை: காதுகளின் அகலமும் துளையும், புல்லியின் விட்டமும் பள்ளத்தின் அகலமும், ஒயர் பிளக், பம்பின் ஆயில் துளைகள் இருக்கும் கோணம், ஆம்பியர். ஃபாக் லைட்டுக்காக 35 ஆம்பியருக்குப் பதில் 65 போட விரும்பினால் பேட்டரிக்குப் போகும் ஒயரையும் தடிமனாக்குங்கள். பழைய ஒயரிலேயே விட்டால் அது சூடாகி உருகும்.

பொருத்திய பிறகு

பம்பின் ஆயில் துளையில் இரண்டு மூன்று ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, புல்லியைக் கையால் சில சுற்று சுற்றிவிட்டுப் பொருத்துங்கள். காய்ந்த பம்பு முதல் அரை நிமிடத்திலேயே கீறிக்கொள்ளும். மூன்று புல்லிகளின் குறுக்கே நேரான பட்டையை வைத்துக் கோடு பாருங்கள். பெல்ட் பள்ளத்தின் பக்கச் சுவர்களைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். புல்லியின் அடிப்பள்ளம் பளபளத்தால் பெல்ட் அடியில் உட்கார்ந்து வழுக்குகிறது. எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, மாற்றத்தான் வேண்டும்.

பெல்ட்டை இறுக்க லிவர் போடும்போது டைனமோவின் முன் மூடியில் மட்டும் நெம்புங்கள். பின் மூடியில் நெம்பினால் அலுமினியம் வெடிக்கும். நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் நன்றாக அழுத்தினால் ஏறத்தாழ 10 மி.மீ. இறங்க வேண்டும். வீணைத் தந்தி மாதிரி இறுக்கினால் முன் பேரிங்கும் வாட்டர் பம்பு பேரிங்கும் சேர்ந்தே போகும்.

பேட்டரி இறங்கியிருந்தால் வெளியே சார்ஜ் ஏற்றிவிட்டு மாட்டுங்கள். செத்த பேட்டரியை நிமிர்த்தும் வேலையைப் புது டைனமோவுக்குக் கொடுத்தால் முதல் நாளே டயோடு வெந்துவிடும். சாவியைத் திருப்பியதும் வார்னிங் பல்பு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைப் பாருங்கள். முதல் தூண்டுதல் கரண்ட் அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது, பல்பு ஃபியூஸ் போனால் நல்ல டைனமோவும் ஐடிலிங்கில் சார்ஜ் தராது.

லைட் எல்லாம் எரிய, டைனமோவின் தடித்த டெர்மினலுக்கும் பேட்டரி பாசிட்டிவ்வுக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஒயரோ இணைப்போ துருவேறியிருக்கிறது. டைனமோ பாடிக்கும் பேட்டரி நெகட்டிவ்வுக்கும் நடுவே 0.2-க்கு மேல் போனால் எர்த் பட்டையைச் சுரண்டிப் பூட்டுங்கள்.

கடைசியாகப் பிரேக். எஞ்சின் நின்றிருக்க பெடலை ஐந்தாறு முறை மிதித்து இறுகச் செய்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்குக் கீழே கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வண்டியைத் தெருவுக்கு எடுக்காதீர்கள். ஹோஸ் கிளிப்பிலிருந்து திரும்பப் பாருங்கள். டீசல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்துவிட்டு இறக்கத்தில் உருட்டும் வழக்கம் உள்ளவர்கள், எஞ்சின் நின்றால் பம்பும் நின்றுவிடும் என்பதை இந்தச் சோதனையிலேயே காலால் உணரலாம்.

பிறகு சரக்கில்லாமல் ஊருக்குள் ஒரு சுற்று, அடுத்து பகல் வெளிச்சத்தில் லைட்டைப் போட்டுக்கொண்டு பக்கத்து ஏற்றம் ஒன்று. திரும்பியதும் செம்பு வாஷர் ஓரத்தில் ஆயில் ஈரம் இருக்கிறதா, பெல்ட் தளர்ந்ததா என்று பாருங்கள். புது பெல்ட் முதல் சில நாளில் நீளும். 200, 300 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு முறை மறுபடி இறுக்கி, பிராக்கெட் போல்ட்டுகளுக்கும் ஒரு ஸ்பானர் போட்டுவிடுங்கள்.